ஒரே ஊரில் இரண்டு தனலட்சுமி

கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். போட வேண்டியவர் தேர்தல் வேலைக்குப் போயிருந்தார்.

ஓட்டு எண்ணி முடிந்த பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டார் உத்திரமேரூர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஊழியர். அவரும் இன்னும் சில நாளில் வாக்குப்பெட்டியோடு எங்கோ ஒரு கிராமத்துக்குப் போக வேண்டியவர்தான். மேசைமேல் தேர்தல் பயிற்சிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பவர் போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் என்ன செய்வது என்று கேட்டேன். சுற்றிப் பார்க்கச் சொன்னார்.

என் அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. மாகறலுக்குக் கிழக்கே, செய்யாற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில் அம்மாவுக்குக் கொஞ்சம் நிலம் பாகமாக வந்திருந்தது. அதைச் சித்தி மகள் தனத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவது என் திட்டம். நான் மலேசியாவில், பட்டர்வொர்த்தில், ஒரு பேருந்து நிறுவனத்தில் நேர அட்டவணை போடுகிறவள். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே போய்த் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர மற்ற விஷயங்களில் எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் எதுவும் கிடையாது. நெல் வயலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

காஞ்சிபுரத்திலிருந்து வந்த பேருந்து உத்திரமேரூரைத் தொடுவதற்குள் மூன்று பிரசார ஆட்டோக்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. மூன்றும் மூன்று ஊராட்சிக்கு உரியவை. ஒலிபெருக்கிகள் ஒன்றின் வாக்குறுதியை இன்னொன்று மறைத்தன. என் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி, "இவங்க ஜெயிக்கறதுக்குள்ள நாம வூடு போய் சேந்துடுவமா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்துவதை நிறுத்திவிட்டு இஞ்ஜினையும் அணைத்தார். எங்கள் ஊரில் இப்படி ஒரு தாமதம் என்றால் எனக்குத் தொலைபேசி வந்துவிடும். இங்கே யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை. வேர்க்கடலை வாங்கினார்கள்.

உத்திரமேரூரிலிருந்து ஊருக்கு டவுன் பஸ். இறங்கியதும் சுவரில் முதலில் பார்த்தது தனத்தின் முகம். கைகூப்பிக்கொண்டு, என்றைக்கும் போடாத மூக்குத்தியோடு. பக்கத்தில் ஒரு பெரிய பூட்டும் சாவியும். ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி போடுவதாக அவள் எனக்குச் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, சொல்லியிருந்தால் நீ தேர்தல் முடிந்து வந்திருப்பாய், எனக்கு வீட்டில் ஆள் வேண்டும் என்றாள். தனம் எப்போதும் நேராகப் பேசுகிறவள்.

தனத்தின் கணவர் மூர்த்திக்கு விவசாயம் போக உத்திரமேரூரில் நெல் வியாபாரமும் உண்டு. அவர்தான் இரவுச் சாப்பாட்டில் நிலவரத்தைச் சொன்னார். பெண்களுக்கு ஒதுக்கிய இடம். இப்போதைய தலைவர் சரோஜா மறுபடியும் நிற்கிறார், ஆட்டோ சின்னம். ஆனால் ஊரில் 'பிரசிடெண்டு' என்றால் சரோஜா அல்ல, அவருடைய கணவர். ஐந்து வருடமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். நேருக்கு நேர் போட்டி என்றால் தனம் ஜெயித்துவிடுவாள். அதனால்தான் அவர் மூன்றாவதாக ஒருத்தியை நிறுத்தியிருக்கிறார்.

"அவ பேரு இன்னா தெரியுமாக்கா?" என்றாள் தனம். "தனலட்சுமி."

அது தனத்தின் முழுப்பெயர். வாக்குச்சீட்டில் இரண்டு தனலட்சுமி. கண் மங்கியவர்கள், அவசரக்காரர்கள், சின்னத்தை மறந்துவிட்டுப் பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் என்று கொஞ்சம் பேர் தவறிக் குத்தினாலே போதும். அந்த இன்னொரு தனலட்சுமி ஆற்றுத் தெருவில் இருக்கிறவள், நடவு வேலைக்கு இவர்கள் வயலுக்கே வருகிறவள். அவளுக்குக் கிடைத்த சின்னம் கத்தரிக்காய்.

அன்றைக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பில் முருங்கைக்காய் கிடந்தது. அம்மா எப்போதும் கத்தரிக்காய்தான் போடுவார் என்று சொன்னேன். தேர்தல் முடியும்வரை அந்தக் காய் இந்த வீட்டுக்குள் வராது என்றார் மூர்த்தி. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

மறுநாள் தனத்தோடு வாக்கு கேட்கப் போனேன். வாசலுக்கு வாசல் ஆரத்தி எடுத்தார்கள். தனம் எல்லோரையும் உறவு சொல்லிக் கூப்பிட்டாள். பாதி வீடுகளில் ஒரே கேள்விதான் வந்தது: ரெண்டு தனலட்சுமி கீதே, நீ எந்த தனலட்சுமி? அவள் பொறுமையாகப் பூட்டு சாவி என்றாள். பன்னிரண்டாவது வீட்டில் அந்தப் பொறுமை தீர்ந்துபோய், கையில் வைத்திருந்த நிஜப் பூட்டைத் தூக்கிக் காட்டினாள்.

எனக்கு இதெல்லாம் புதிது. எங்கள் ஊரில் நகராட்சி உறுப்பினர்களை மேலிருந்து நியமிக்கிறார்கள். குப்பை எடுக்காவிட்டால் யாரைத் திட்டுவது என்று தெரியும். ஆனால் அவர் என் வாசலில் வந்து கைகூப்பி நின்றதில்லை. ஒரு தண்ணீர்க் குழாய்க்காக ஒருவர் இன்னொருவரிடம் முகத்துக்கு நேராகக் கேட்பதையும், அவர் முகத்துக்கு நேராக ஒப்புக்கொள்வதையும் இங்கேதான் பார்த்தேன். ஒப்புக்கொண்டது நடக்குமா என்பது வேறு. ஆற்றுத் தெருவுக்கு நாங்கள் போகவில்லை. அங்கே நேரம் வீணாகும் என்றார் மூர்த்தி.

மூன்றாம் நாள் வீட்டில் கூட்டம் தாங்காமல் உத்திரமேரூருக்குப் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பாய் கடையில் நாஷ்டா. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றினார்கள். பினாங்கில் எங்கள் தமிழ் முஸ்லிம் கடைகளில் ரொட்டி சானாய்க்கு ஊற்றுகிற பருப்புக் குழம்பை நினைத்துக்கொண்டேன். இது அதைவிடக் காரம், அதைவிட நியாயம். தேர்தல் எப்படி என்று பாயிடம் கேட்டேன். "யாரு ஜெயிச்சாலும் பிரியாணி நம்ம கடையிலதாம்மா. நம்பளுக்கு எல்லாரும் வேணும்" என்றார்.

திரும்பி வருகிற டவுன் பஸ் பாதி வழியில் டயர் பஞ்சராகி நின்றது. மாற்று டயரும் பஞ்சர் என்று தெரிந்ததும் எல்லோரும் பேசாமல் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். எனக்கு முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சேற்றுக் கறை படிந்த புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள். நான் மூச்சிரைத்துப் பின்தங்குவதைப் பார்த்துவிட்டு நின்றாள். தனம் வீட்டுக்கு வந்திருக்கும் மலேசியா அக்காதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"நான்தான் அந்த இன்னொருத்தி" என்றாள்.

கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். பிரசிடெண்டு வந்து ஒரு கையெழுத்துத்தான் என்றாராம். டெபாசிட்டையும் அவரே கட்டிவிட்டார். வீட்டைவிட்டு வெளியே வராமல் சும்மா இருந்தால் போதும் என்றாராம். அவளும் அப்படித்தான் இருந்தாள். மனு கொடுத்த அலுவலகத்தில் ஒரு அதிகாரி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். அதில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. மறுநாள் நடவில், பக்கத்தில் குனிந்திருந்தவள் விளையாட்டாகக் கேட்டாளாம்: நீ ஜெயிச்சிட்டா இன்னா செய்வே?

"பதில் இல்லக்கா எனக்கு. அன்னிக்குப் பூரா நட்டுக்கினே யோசிச்சேன். சாயந்தரம்தான் வந்திச்சி. பஸ்ஸு."

டவுன் பஸ் பிள்ளையார் கோயிலோடு திரும்பிவிடுகிறது. ஆற்றுத் தெரு அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன்பே அந்தத் தூரத்தை நடக்கிறார்கள். போன மழையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கோயில்வரை ஓடியிருக்கிறார்கள். குழந்தை வழியிலேயே பிறந்துவிட்டது. தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். கேட்டால், அங்கே வண்டி திருப்ப இடமில்லை என்கிறார்களாம்.

திருப்ப இடமில்லை என்ற வார்த்தையை நான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் அது பொய்யாக இருக்காது. யாரும் அளந்து பார்த்திருக்கமாட்டார்கள், அவ்வளவுதான். இடத்தைக் காட்டு என்றேன். வீட்டுக்குப் போகாமல் நேராக ஆற்றுத் தெருவுக்குப் போனோம். தெரு முடிகிற இடத்தில் ஒரு களம் இருந்தது. அதன் மூலையில் இரண்டு பனைமரம், ஒரு வைக்கோல் போர். காலடியால் அளந்தேன். ஒருமுறை பின்னால் எடுத்தால் போதும், நீளமான வண்டியே திரும்பும். அந்த மூலையில் நாலு சென்ட் கிடைக்க வேண்டும், வைக்கோல் போர் நகர வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அவள் சிரித்தாள். இது யார் இடம் என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். "உங்கம்மா பாகம்கா. இப்ப தனம் வூட்டு மாடு கட்றாங்க."

அம்மா இந்த நிலத்தைப் பற்றி ஒருநாளும் விவரமாகச் சொன்னதில்லை. நான் அதன்மேல் நின்றுகொண்டிருக்கிறேன் என்பதை ஒரு வேற்றுப் பெண் சொல்லித் தெரிந்துகொண்டேன். பெரிதாக எதுவும் தோன்றவில்லை. மண் ஈரமாக இருந்தது. சாணி வாடை அடித்தது.

அன்றைய இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைத் தனத்திடம் சொன்னேன். ஆற்றுத் தெருவுக்குப் பஸ் விடுவேன் என்று நீயே சொல்லலாம், இடம் இருக்கிறது என்றேன். தனம் கணவரைப் பார்த்தாள். பஸ் வந்தால் நெல்லை எங்கே கொட்டுவது, மாட்டை எங்கே கட்டுவது என்று மூர்த்தி கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அந்தத் தெரு எப்படியும் தனக்குப் போடாது என்று தனம் சொல்லிவிட்டு ரசத்தை என் பக்கம் நகர்த்தினாள். பேச்சு அங்கே முடிந்தது.

நான்காம் நாள் காலையில் தனலட்சுமி பிள்ளையார் கோயிலருகே எனக்காகக் காத்திருந்தாள். நேற்று அளந்ததை எழுதிக் கொடு என்றாள். நான் தயங்கினேன். யார் வீட்டில் சாப்பிடுகிறேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அளவு அளவுதானே, அதற்குக் கட்சி ஏது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைப்பையிலிருந்த குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்துத் தெரு, களம், பனைமரம், வண்டி திரும்புகிற வளைவு எல்லாவற்றையும் வரைந்து, கோயிலிலிருந்து எத்தனை நிமிடம் கூடுதலாகும் என்றும் எழுதிக் கொடுத்தேன்.

அதை அவள் வீடு வீடாகக் கொண்டுபோனாள். ஆட்டோ இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒரு கத்தரிக்காயைக் காம்போடு இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையில் தாளைக் காட்டினாள். இதோ வண்டி இப்படி வரும், இப்படிப் பின்னால் போகும், இப்படித் திரும்பும் என்று விரலால் ஓட்டிக் காட்டினாள். ஜனங்கள் தாளை வாங்கிப் பார்த்து, தங்கள் வீடு அதில் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். நான் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனலட்சுமி டீக்கடைப் பக்கம் வந்தபோதுதான் பிரசிடெண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, மோட்டார் சைக்கிள். இறங்காமல் காலை ஊன்றிக்கொண்டு மரியாதையாகவே பேசினார்.

"இன்னாம்மா இது, பேர மட்டும் குடுன்னுதானே சொன்னேன்?"

"பேரு என்துதானே நைனா" என்றாள் தனலட்சுமி. "நீ கட்டுனது டெபாசிட்டு மட்டுந்தான்."

டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவ ஆரம்பித்தார். பிரசிடெண்டு வண்டியை முடுக்கிக்கொண்டு போய்விட்டார். தனலட்சுமி கத்தரிக்காயைக் காம்போடு மறுபடியும் தூக்கிப் பிடித்தாள். அவள் அடுத்த வாசலுக்குப் போனாள்.

பிரசாரம் ஓய்ந்த நாளில் அந்தத் தாள் தனத்தின் கைக்கு வந்துவிட்டது. யாரோ போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். தாளின் தலையில் என் பேருந்து நிறுவனத்தின் பெயர் மலாய் மொழியில் அச்சாகியிருந்தது. இந்த ஊரில் அப்படி ஒரு குறிப்பேடு ஒருத்தியிடம்தான் உண்டு. தனம் கத்தவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, போனை என் முன்னால் நீட்டினாள்.

"இத்த நீ எனக்கு வரைஞ்சி குடுத்திருக்கலாமே அக்கா."

உன்னிடம்தான் முதலில் சொன்னேன் என்றேன். சொன்னாய், வரைந்து கொடுக்கவில்லை என்றாள்.  அன்றைக்கும் எனக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

வாக்குப்பதிவு நாளில் எனக்கு வேலையில்லை. நான் இந்த நாட்டுக்காரி இல்லை. பள்ளிக்கூடத்து எதிரே வேப்பமர நிழலில் நின்றேன். ஆளுக்கு நாலு சீட்டு, நாலு நிறம். மடிக்கத் தெரியாமல் தடுமாறியவர்களுக்கு உள்ளே சொல்லிக்கொடுக்கும் குரல் வெளியே கேட்டது. ஆற்றுத் தெருப் பெண்கள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஒன்றரை கிலோமீட்டரும் நடந்து கூட்டமாக வந்தார்கள். தனம் வாசலில் நின்று அவர்களையும் கைகூப்பி வரவேற்றாள். தனலட்சுமி வரிசையில் சாதாரணமாக நின்று, தன் முறை வந்தபோது உள்ளே போய், உடனே வெளியே வந்துவிட்டாள்.

எண்ணிக்கை உத்திரமேரூரில், ஒரு பள்ளியில். வேட்பாளர்களும் முகவர்களும் உள்ளே. நாங்கள் தடுப்புக் கட்டைக்கு வெளியே. பாயின் பிரியாணி வாக்குப்படியே தீர்ந்துபோயிருந்தது, எனக்குக் குஸ்கா கிடைத்தது. மதியத்துக்குமேல் மூர்த்தி வெளியே வந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. சரோஜா ஜெயித்துவிட்டார். தனத்துக்கும் அவருக்கும் இருபது வாக்குகூட வித்தியாசம் இல்லை. கத்தரிக்காய்க்கு விழுந்தது அதைப்போலப் பல மடங்கு. ஆற்றுத் தெருப் பெட்டியில் மற்ற இரண்டு சின்னங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

எல்லாம் பேர் குழப்பத்தில் போன வாக்கு என்று மூர்த்தியின் ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தனம் அதை மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவளுக்குக் கணக்கு தெரியும். எனக்கும் தெரியும். நான் வரைந்த தாள் இல்லாவிட்டாலும் இப்படித்தான் ஆகியிருக்குமோ என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

மாலைகளோடு வெளியே வந்த பிரசிடெண்டைச் சுற்றிப் பட்டாசு வெடித்தது. சரோஜா அவருக்கு இரண்டடி பின்னால் வந்தார். தனலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். கணவரைத் தாண்டி நேராக சரோஜாவிடம் போய் நின்றாள்.

"ஜெயிச்சிட்டீங்க. பஸ்ஸு எப்போக்கா வரும்?"

சரோஜா ஒரு கணம் கணவரைத் தேடினார். அவர் யாருக்கோ கைகொடுத்துக்கொண்டிருந்தார். கேட்டுச் சொல்கிறேன் என்றார் சரோஜா. கேட்க வேண்டாம், நீங்கள்தான் தலைவர் என்றாள் தனலட்சுமி. சரோஜா ஏதோ சொன்னார். பட்டாசில் எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு நாள் தனம் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அலுவலகத்துக்குப் போகும் வழியில், டவுன் பஸ்ஸின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: பத்திரத்தில் அந்த மூலை நாலு சென்ட்டை என் பெயருக்கு எழுதாதே, பாதைக்கென்று ஊராட்சிக்கு எழுதிக் கொடு. மூர்த்தி சம்மதித்தாரா என்று கேட்டேன். அவருக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அடுத்த எலக்சன்ல அந்தத் தெரு வோட்டு எனக்கு வேணும்."

கையெழுத்துப் போட வேண்டியவர் வந்திருந்தார். கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. இரண்டு பத்திரங்களும் ஒரே நாளில் முடிந்தன. பஸ் வருமா என்பது இனிமேல் எத்தனையோ மேசைகளைத் தாண்டிய விஷயம். வழித்தடம் மாற்றுவது எவ்வளவு நாள் இழுக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? இடமில்லை என்று மட்டும் இனி யாரும் சொல்ல முடியாது.

கிளம்பும் நாளில் தனத்தின் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது, கோபத்துக்காக அது காத்திருக்காது. விடைபெற வரப்புக்குப் போனேன். வரிசையில் குனிந்திருந்தவர்களில் தனலட்சுமியும் இருந்தாள். தனம் வரப்பில் நின்று நாற்றுக்கட்டுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டு தனலட்சுமியின் முன்னால் விழுந்து சேறு தெறித்தது. தனலட்சுமி நிமிர்ந்து முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த முறையும் நிற்பாயா என்று தனம் கேட்டாள். குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நிப்பேன்கா" என்றாள் தனலட்சுமி, கட்டைப் பிரித்துக்கொண்டே. "பேரு வேணும்னா நீ மாத்திக்க."